குளக்கரையில் ஒன்பது கம்புகள்

நவம்பர் இரண்டாவது வாரம். மதியம் இரண்டு மணிக்கு நான் கன்னியர் மடத்து வாசலில் வண்டியை நிறுத்தினேன். மிச்சிகனின் வடகோடி அது, ஏரிக்காற்று நேராக வந்து முகத்தில் அறையும் இடம். வண்டியின் பின்னால் இருபது நெட்டைக் கம்புகள், ஒரு சுத்தியல், ஒளிரும் நாடா ஒரு சுருள். தரை உறைய இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. உறைந்துவிட்டால் சுத்தியலின் பாச்சா பலிக்காது. டிரில் மெஷினால் துளை போட்டுத்தான் கம்பு நட வேண்டும்.

எங்கள் ஊரில் பனி பெய்தால் ஆள் உயரத்துக்குப் பெய்யும். பாதை எது, பள்ளம் எது என்று ஒன்றும் தெரியாது. பனி தள்ளும் வண்டியை ஓட்டுகிறவன் தரையைப் பார்ப்பதில்லை, கம்பைத்தான் பார்க்கிறான். நட்டவர் யாரோ, அவரை நம்பித்தான் வண்டியை விடுகிறான். அதனால் பனி விழுவதற்கு முன்பே வெறும் தரையில் நடந்து, விளிம்பைக் காலால் தொட்டுப் பார்த்துவிட்டு நட வேண்டும். இதற்குப் பெரிய சாமர்த்தியம் வேண்டாம், நேர்மை இருந்தால் போதும்.

இதே மடத்தில்தான் போன ஜனவரியில் என் கணவன் வெர்ன் செத்தான். கார் நிறுத்தும் இடத்தில் பனி தள்ளிக்கொண்டிருந்தவன், வண்டியோடு குளத்துக்குள் போய்விட்டான். அந்த வருடம் கம்பு நட்டது அவனுடைய தொழில் கூட்டாளி லைல். ஷெரிஃப் வந்து பார்த்தபோது கம்புகள் கரை விளிம்பில் சரியாகத்தான் நின்றன. கம்பு சரி என்றால் ஓட்டியவன்தானே சரியில்லை?

"முந்தின நாள் சாயந்திரம் குடிச்சிருந்தாரா?" என்று ஷெரிஃப் என்னைக் கேட்டார்.

இரண்டு பீர் குடித்திருந்தான். ஆமாம் என்றேன். குடிகாரன் என்ற பெயரோடு அவனைப் புதைத்தோம். இரண்டு பீருக்காக என்னை விட்டுப் போய்விட்டானே என்று அவன் மேல் அப்படி ஒரு கோபம் எனக்கு. கல்லறைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு என்னைத் தாங்கிப் பிடித்தவன் லைல். ஆகஸ்டிலிருந்து என் வீட்டிலேயே இருந்தான். வசந்தத்தில் கல்யாணம் என்று பேச்சு. "அந்த மடத்துக்கு மட்டும் கம்பு நட நீ போ ஐலா, எனக்கு மனசு தாங்காது" என்றான். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்தேன். மடச்சி நான்.

முதலில் குளக்கரையை முடித்தேன். கார் நிறுத்தும் இடம் முடிகிற விளிம்பில் ஒன்பது கம்புகள். விளிம்புக்கு அப்பால் பத்தடிச் சரிவு, சரிவின் அடியில் நாணல், அதைத் தாண்டினால் குளம். குளத்தின் மேல் ஆடை படிந்தது போல மெல்லிய ஐஸ். ஒவ்வொரு கம்பையும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. நாடாவை எடுக்க வண்டிக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது விளிம்பு மொட்டையாக இருந்தது.

ஒன்பது கம்புகளும் கீழே, நாணல் ஓரமாக, வரிசை பிசகாமல் நின்றன.

காற்றா? காற்று கம்பைச் சாய்க்கும், பிடுங்கிக்கொண்டு போய் நடுமா? பக்கத்தில் ஆள் இல்லை. மடத்தின் ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. டீசல் வாடையும் நனைந்த கம்பளி வாடையும் எங்கிருந்தோ வந்தன, வெர்ன் பனி தள்ளிவிட்டு வீட்டுக்கு வரும்போது அவன் கோட்டில் அடிக்கும் வாடை. சரிவில் இறங்கி, ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேலே கொண்டுவந்தேன். பழையபடி விளிம்பில் வைத்து, தோள்பட்டை வலிக்கிற அளவுக்கு அடித்து இறக்கினேன்.

கடைசிக் கம்பை அடித்துவிட்டு நிமிர்ந்தேன்.

முதல் கம்பு இல்லை.

பார்த்துக்கொண்டே இருந்தேன். இமைத்தேன். இரண்டாவதும் இல்லை.

கீழே நாணல் சரசரத்தது.

"வெர்ன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கோபமா? நான் ஷெரிஃப்கிட்ட சொன்னதுக்கா?"

அந்த ஈரக் கம்பளி வாடை என் முகத்துக்கு மிக அருகில் வந்து நின்றது. யாரோ எனக்கு முன்னால் நின்றுகொண்டு, நான் புரிந்துகொள்வேன் என்று காத்திருப்பது போல் இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஓடவும் முடியவில்லை.

அப்போது மடத்தின் பக்கக் கதவு திறந்தது. சிஸ்டர் ஓடில் ஊன்றுகோலைத் தட்டித் தட்டி வந்தாள். அந்த மடத்தில் மிச்சம் இருக்கிற மூன்று பேரில் அவளுக்குத்தான் கண் நன்றாகத் தெரியும், வாயும் நன்றாக ஓடும்.

"ஐலா, காப்பி ஆறிப் போகுது, வந்து குடி" என்றவள், கீழே எட்டிப் பார்த்து முகம் சுளித்தாள். "இதென்னம்மா, இந்த வருஷமும் அங்கேயேதான் நடப் போறியா?"

"இந்த வருஷமுமா? என்ன சிஸ்டர் சொல்றீங்க?"

"போன தடவையும் லைல் அங்கதானே நட்டான். வந்ததே லேட்டு. பனி விழுந்து சரிவெல்லாம் ரொம்பி மட்டமா ஆயிடுச்சு. விளிம்பு எதுன்னு காலால தொட்டுக்கூடப் பாக்கல, வண்டி ஓரமாவே நின்னு அடிச்சிட்டுப் போனான். 'அது குளம்ப்பா, அங்க தரை இல்ல'ன்னு நானே சொன்னேன். 'மாத்திடறேன் சிஸ்டர்'னான்."

"மாத்தினானா?"

"மாத்தினான், மாத்தினான்." அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உன் புருஷன் போன அன்னிக்குக் காலைல, வண்டி குளத்துல விழுந்த பிறகு. டிரில் மெஷினோட வந்து துளை போட்டுட்டிருந்தான். அதுக்கு அப்புறம்தான் ஷெரிஃப் வந்தாரு. உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரியாது. என் படுக்கையில் தூங்கியவனுக்கு மட்டும் தெரியும்.

அன்று சாயந்திரம் லைல் கறி அடைத்த பாஸ்டி ரொட்டியைச் சுடவைத்து மேசையில் எடுத்து வைத்திருந்தான். நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"எந்தப் பக்கம் நட்ட, லைல்? விளிம்புலயா, நாணல்லயா?"

முள்கரண்டியைக் கீழே வைத்தான். "மாத்தணும்னுதான் இருந்தேன்" என்றான். "ஒரு வாரம் தள்ளிப் போச்சு. சத்தியமா அவ்ளோதான்."

"அவன் குடிச்சிருந்தான்னு நான் சொன்னப்போ பக்கத்துலதானே நின்ன?"

"நான் சொல்லச் சொல்லலையே ஐலா. நீயாத்தானே சொன்ன."

அவன் சொன்னது உண்மைதான். அதனால்தான் அந்தத் தட்டை எடுத்து அவன் மேல் வீசினேன்.

மறுநாள் ஷெரிஃபிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விசாரிக்கிறேன் என்றார். அங்கிருந்து நேராக மடத்துக்குப் போனேன். லைலுக்காக இல்லை, அந்த மூன்று கிழவிகளுக்காக. ஆம்புலன்ஸ் வந்து போக வழி வேண்டுமே. விளிம்பில் ஒன்பது கம்புகளையும் நட்டு நாடாவும் கட்டினேன். "தெரிஞ்சுக்கிட்டேன் வெர்ன்" என்று சத்தமாகவே சொன்னேன். "தப்பு என்னோடது. மன்னிச்சிடு."

கம்புகள் அசையவில்லை. மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன்.

டிசம்பர் நான்காம் தேதி பெரும்பனி வந்தது. விஷயம் கசிந்து லைலின் வேலையாட்கள் எல்லோரும் வேலையை விட்டு நின்றுவிட்டிருந்தார்கள். மடத்துக்கு அவனே வண்டியை எடுத்துக்கொண்டு போனான். நடுப்பகல்தான், ஆனால் ஜன்னலுக்கு வெளியே என் வீட்டு வேலிகூடத் தெரியவில்லை. அப்போது போன் அடித்தது.

"ஐலா, வச்சிடாத. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். குளக்கரைக் கம்பை நீதானே நட்ட?"

"நான்தான். வெறும் தரையில நடந்து பாத்து நட்டேன். உன்னை மாதிரி இல்ல."

"போதும். நீ நட்டா சரியாத்தான் இருக்கும்." பெருமூச்சு விட்டான். பின்னால் வண்டி உறுமியது. "ஆள் அனுப்பினதுக்கும் தேங்க்ஸ்."

"எந்த ஆள்?"

"கம்புகிட்ட நிக்கறானே. மூஞ்சி தெரியல. இன்னும் வா, இன்னும் வான்னு கை காட்டறான்."

"லைல், நிறுத்து. அங்கேயே நிறுத்து!"

"ஏன்? கம்புக்கு இன்னும் தூரம் இருக்கே."

"கம்பை நம்பாத! நான் யாரையும் அனுப்பல!"

சிரித்தான். "பயமுறுத்திப் பாக்கறியா? கோபம் இன்னும் தீரலையா உனக்கு?"

என் கம்பை நம்பினான். என் பேச்சை நம்பவில்லை.

ஐஸ் உடைந்த சத்தம் போனில் சின்னதாகத்தான் கேட்டது. இணைப்பு உடனே அறுந்துவிடவில்லை. கொஞ்ச நேரம் வெறும் காற்று. அப்புறம், கல்லாக உறைந்த தரையில் யாரோ நிதானமாகச் சுத்தியலால் அடிக்கும் சத்தம். நிறுத்தி, நகர்ந்து, மறுபடி அடிக்கும் சத்தம். ஒன்பது தடவை.

ஷெரிஃப் போய்ப் பார்த்தபோது லைல் வண்டியோடு குளத்துக்குள் கிடந்தான், கம்புகள் விளிம்பில், நான் நட்ட இடத்திலேயே நின்றன. துளை போட்ட அடையாளம் எதுவும் இல்லை. உன் மேல் தப்பில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். நடந்தது என்ன என்று எனக்குத் தெரியும். நான் நேர்மையாக நட்டதை வெர்ன் தூண்டிலாக்கிக்கொண்டான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. லைல் என்னை ஏமாற்றினான், சரி. நீயுமா வெர்ன்?

இப்போது ஏப்ரல், கம்புகளைப் பிடுங்கும் காலம். நான் மடத்துக்குப் போகவில்லை. வேறு யாரையாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்று சிஸ்டருக்குச் சொல்லிவிட்டேன்.

இன்று காலையில் கதவைத் திறந்தேன். சாலையிலிருந்து என் வாசற்படி வரை, வழி தவறிவிடக் கூடாது என்பது போல, ஒன்பது கம்புகள் நின்றன. கடைசிக் கம்பு கதவை ஒட்டி நின்றது. அதன் அடியில் மண் இன்னும் ஈரமாக இருந்தது, அந்த ஈரக் கம்பளி வாடையும் அடித்தது.