பழுதான கோப்பு ஒன்று

மழை பிடித்து மூன்று நாளாகியிருந்தது. மாலை நான்கு மணிக்கே தெரு மங்கிவிட்டது. கம்ப்யூட்டர் சர்வீஸ்காரன் பையை மார்போடு அணைத்தபடி அந்தப் பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு ஏறி, அழைப்பு மணியை அழுத்தினான்.

கதவைத் திறந்தவர் வீட்டுக்காரரின் தங்கை. நடைவழியிலேயே குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அண்ணி தவறிப்போய் எட்டு மாசமாச்சு தம்பி. தொண்டை ஆபரேஷன்ல பேச்சு நின்னுடுச்சு. ரெண்டு வருஷம் கீபோர்டுல தட்டித்தான் பேசினாங்க. அவங்க தட்டுவாங்க, கம்ப்யூட்டர் வாசிக்கும். போன வாரம் ஏதோ அப்டேட் ஆச்சு. அதுலேர்ந்து அது தானா பேசுது. அண்ணன் பதில் சொல்றார். நேத்து அதுகூட சண்டையே போட்டார். தோத்தும் போனார்."

அவன் சிரித்தான். அறைக்குள் நுழைந்ததும் சிரிப்பு அடங்கிவிட்டது.

விளக்கு போடவில்லை. காயாத துணியின் வாடையும் தைல வாடையும் கலந்து நின்றன. சன்னலோரம் பெரியவர் உட்கார்ந்திருந்தார். மேசையில் எழுத்துகள் பாதி தேய்ந்த ஒரு கீபோர்டு. திரையில் ஓர் எச்சரிக்கை: சிஸ்டம் கோப்பு ஒன்று பழுதடைந்துள்ளது.

கோப்பின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான். எழுத்தை வாசித்துக் காட்டும் குரலுக்கான கோப்பு அது.

"அப்டேட் நடுவுல கரண்ட் போயிருக்கும் ஐயா. நல்ல காப்பி ஒண்ணு உள்ளேயே இருக்கும். கெட்டதை எடுத்துட்டு அதை வைக்கணும். அவ்வளவுதான்."

"சரி பண்ணினா அவ போயிட மாட்டாளே?"

"குரல் எங்க போகும்? அதே குரல்தான். உங்க ஃபைல் எதையும் தொடாது."

பிரதி எடுத்து வைக்காமல் அவன் எதிலும் கை வைப்பதில்லை. பதினோரு வருடப் பழக்கம். ஆனால் அதெல்லாம் வாடிக்கையாளரின் படங்களுக்கும் கடிதங்களுக்கும்தான். சிஸ்டம் கோப்புக்கு எவன் பிரதி எடுப்பான்? அவன் எடுக்கவில்லை.

பழுதைத் தேடிச் சரிசெய்யும் சோதனை ஓடத் தொடங்கியது. இருபது சதவீதம். நாற்பது. எழுபத்தொன்றில் நின்றுவிட்டது.

ஸ்பீக்கர் லேசாக இரைந்தது. யாரோ தட்டத் தட்ட வாசிப்பதுபோல, முதலில் ஒவ்வொரு எழுத்தாக, பிறகு முழுச் சொல்லாக, ஏற்ற இறக்கம் இல்லாத அந்தக் குரல் வந்தது.

"விளக்கைப் போடுங்க."

அவன் கீபோர்டைத் தொடவில்லை. கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"போடறேம்மா," என்றார் பெரியவர். எழுந்திருக்கவில்லை.

"பழைய பதிவு ஏதாவது ஓடுதோ என்னமோ," என்று அவன் முணுமுணுத்தான்.

குரல் மறுபடி எழுத்துக் கூட்டியது.

"வந்த பிள்ளை நின்னுக்கிட்டே இருக்கு. நாற்காலி குடுங்க."

அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.

எழுபத்திரண்டு. எண்பது.

"நிறுத்துங்க தம்பி," என்றார் பெரியவர்.

"பாதியில நிறுத்தினா மெஷினே எழுந்திருக்காது ஐயா."

அது உண்மைதான். சீக்கிரம் முடிந்தால் போதும் என்று அவன் நினைத்ததும் உண்மை.

தொண்ணூற்றெட்டு. நூறு. பழுதான கோப்பு சரிசெய்யப்பட்டது என்று திரை சொன்னது.

"ஏம்மா," என்று கூப்பிட்டார் பெரியவர்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் எழுந்து வந்து, ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். கம்ப்யூட்டர் பிசிறில்லாமல் வாசித்தது: "எங்க இருக்கே?"

அவருடைய கேள்வியே அவருக்குத் திரும்பி வந்தது. இரண்டாம் முறை தட்டினார். மூன்றாம் முறையும் அதையேதான் வாசித்தது. அவர் சன்னலோரம் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போதும் அண்ணா," என்று தங்கை கம்ப்யூட்டரை அணைத்தார். சுவரிலிருந்து ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு, கண்ணைத் துடைத்தபடி சமையலறைப் பக்கம் போனார்.

அவன் செருப்பை மாட்டும்போதுதான் குறிப்பேடு மேசையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பப் போனான்.

டக்.

ப்ளக் தரையில் கிடந்தது. திரை கறுத்திருந்தது.

டக். டக்.

கீபோர்டில் ஒரு விசை தானாக இறங்கி எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. எழுத்து தேய்ந்திருந்தாலும் எந்த இடத்தில் எது என்று அவனுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் தெரியும்.

க. ஏ. மறுபடி க, இன்னொரு க, உ. பிறகு த. ஆ.

கேக்குதா.

அதே விசைகள், அதே வரிசை. கேக்குதா. கேக்குதா. ஒவ்வொரு தடவையும் முன்னைவிட வேகமாக.

உள்ளே இருந்த அம்மாவை அவன் போக்கிவிடவில்லை. அந்த அம்மாவின் வாயைத்தான் அடைத்திருந்தான்.

"என்ன தம்பி சத்தம்?" பெரியவர் திரும்பாமலேயே கேட்டார். "மழையா?"

ஓடிவிடலாம் என்றுதான் கால் சொன்னது. அவன் சுவரைத் தடவி விளக்கைப் போட்டான்.

"ஐயா." கீபோர்டைக் காட்டினான். "கேக்குதான்னு கேக்கறாங்க."

பெரியவர் திரும்பினார். ஏறி இறங்கும் விசைகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மேசைக்கு வந்து குனிந்து, தூங்குகிறவரிடம் பேசுவதுபோல மெதுவாகச் சொன்னார்.

"கேக்குதும்மா."

விசைகள் நின்றன.

கீழ் வரிசையில் இருந்த நீள விசை மட்டும் மெல்ல இறங்கியது. எழவில்லை. விரலை எடுக்க மனமில்லாமல் யாரோ வைத்திருப்பதுபோல அமுங்கியே இருந்தது.