லூர்து சொன்ன சொல்

இருக்கையில் உட்கார்ந்ததும் செல்லக்கனி முதலில் செய்வது மூன்று இழைகளையும் திரையில் விரிப்பது. வீட்டு இழை பச்சை, வேலை இழை மஞ்சள், தெரு இழை நீலம். அதன்பிறகுதான் தேநீர். ஒரு வருடத்து வாழ்க்கையை ஒரு நாவலுக்குள் அடக்குகிற வேலையில் எழுத்து பாதிதான். மீதிப் பாதி, யார் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்று பிடித்து வைப்பது. வீட்டு இழையில் பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கும். அதே நேரம் வேலை இழையில் தாய் கேன்டீனில் சிரித்துக்கொண்டிருப்பாள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் படிக்கிறவர் அவளைக் கல்நெஞ்சக்காரி என்று முடிவுகட்டிவிடுவார். காய்ச்சல் செய்தி அவள் காதுக்கு எப்போது எட்டியது என்று தேடி நடுவில் செருக வேண்டும்.

தூத்துக்குடியின் நன்னீர் பாதிப் பேருக்குத்தான் போதும். அதனால் பாதி ஊர் ஒரு வருடம் துயில்கூடங்களில் நெடுந்துயிலில் கிடக்கும், மறுபாதி விழித்திருக்கும், பிறகு முறை மாறும். கணவன் தூங்கினால் மனைவி விழித்திருப்பாள். முறை மாறும் சந்தியில் சில வாரங்கள் மட்டும் இருவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். ஆரம்பத்தில், தூங்கி எழுந்தவருக்கு வீட்டாரே வாயால் கதை சொன்னார்கள். ஆளுக்கு ஆள் தனக்குச் சாதகமாகச் சொல்ல, சந்தி வாரங்கள் சண்டையிலேயே கழிந்தன. அதன்பிறகு வந்ததுதான் விழிப்பு நாவல். வீடுகளிலும் தெருக்களிலும் பதித்த சுவர்ச்செவிகள் எல்லாவற்றையும் கேட்டு வைக்கும்; செல்லக்கனி போன்றவர்கள் அதை எழுதுவார்கள்; எழுந்தவர் உடம்பு தேறும் வரை படுத்தபடி படித்து, விட்ட வருடத்தைப் பிடித்துக்கொள்வார். நாவல் ஏற்கப்பட்டதும் செவிப்பதிவு அழிந்துவிடும். அதன்பின் புத்தகத்தில் இருப்பதுதான் நடந்தது.

எழுதி முடித்ததைக் கோர்வை என்ற இயந்திரம் சரிபார்க்கும். அதற்கு ஒரே ஒரு பிடிவாதம்: எந்த இழையும் முடிவில்லாமல் தொங்கக் கூடாது. முன்பு தொங்கும் இழையோடு நாவலை வாங்கியவர்கள் அடுத்த முறை தூங்க மறுத்தார்கள். படகுத்துறையில் போய் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர்ப் பங்கு என்ன ஆவது?

அன்றைக்குக் கையில் இருந்தது சூசை என்கிற நீர்நிலைய இன்ஜினியரின் நாவல். அவர் இன்னும் சில நாட்களில் எழுவார். அவருடைய மனைவி லூர்து அந்த வருடம் முழுக்க வாய் ஓயாமல் பேசியிருந்தாள். சைக்கிள் பழகி விழுந்தாள், பக்கத்து வீட்டுக்காரியோடு மல்லுக்கு நின்றாள், பிறகு அவளுக்கே மீன்குழம்பு கொடுத்தனுப்பினாள். எழுத எழுத வந்தது. கார்த்திகையில் ஒரு காலை, மன்னாரில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் படகு ஏறினாள். கதவைப் பூட்டும்போது, "போயிட்டு வாரேன்" என்றாள். படகு திரும்பவில்லை. கடலுக்கு அந்தப் பக்கத்தோடு தொடர்பு அறுந்து வருடக்கணக்காகிறது. அங்கே சேர்ந்தாளா, வழியிலேயே கடலோடு போனாளா, ஒருவருக்கும் தெரியாது.

கோர்வை அந்தச் சொல்லைச் சிவப்பாக்கியிருந்தது. ‘வாரேன்: வருகை இல்லை. இழை தொங்குகிறது. நீங்கள் முடிக்காவிட்டால், முடிவு: இறப்பு.’

செல்லக்கனி எழுந்து வைகுண்டம் அண்ணாச்சியிடம் போனாள். அந்த அலுவலகத்தில் அவர்தான் மூத்த எழுத்தாளர்.

"அண்ணாச்சி, வாரேன்ங்கிறது வீட்ட விட்டுக் கெளம்பையில சொல்லுததுதான? அத எப்படி இதுக்குப் புரிய வைக்க?"

"புரியாதும்மா. வாரேன்னா வரணும். வரலைன்னா செத்தாச்சு. அதோட அறிவு அம்புட்டுதான்."

"செத்துட்டாங்கன்னு போட்டா தண்ணிப் பதிவுல இருந்து பேர எடுத்துருவாங்களே. நாளைக்கே அந்தக்கா கரையில வந்து நின்னா?"

"ஊருக்குள்ள விடமாட்டான்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு வழி இருக்கு. ஒரே ஒரு சொல்ல மாத்து. வாரேன எடுத்துட்டு, போறேன்னு போடு. போனதோட இழை முடிஞ்சுரும். ‘விலகினார்’னு பதிவாகும். பேரு நிக்கும். வந்தா உள்ள விடுவான்."

"வீட்ட விட்டு எறங்கையில எவளாவது போறேன்னு சொல்லுவாளா? படிக்கிற மனுசனுக்கு நெஞ்சு வெடிச்சுராதா?"

"உசுரோட இருக்குறவளக் கொல்லுததுக்கு இது தேவலைல்லா. நான் எத்தன பேருக்குச் செஞ்சிருக்கேன்" என்றவர், சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

மூடியதுதான் தப்பு. பேச்சை அப்படியே விட்டிருந்தால் அவளும் தலையாட்டிவிட்டுப் போயிருப்பாள்.

ஆறு வருடங்களுக்கு முன் செல்லக்கனி தூங்கி எழுந்தபோது அவளுக்கும் ஒரு நாவல் தந்தார்கள். அதன் கடைசி அத்தியாயத்தில் அவள் கணவன் ராஜாமணி படகு வேலைக்குக் கிளம்புகிறான். வாசலில் நின்று ‘போறேன்’ என்கிறான். அவ்வளவுதான், அவன் கதை முடிந்தது. அந்த ஒரு சொல்லைப் படித்த அன்று அவளுக்குள் ஏதோ மரத்துப்போனது. இன்றுவரை உணர்ச்சி திரும்பவில்லை. அவன் பெயர் இனி என் கதையில் வரவே கூடாது, இழையை வெட்டிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தாள். வெட்டினார்கள். அதன்பின் மூன்று முறை தூங்கி எழுந்துவிட்டாள். மூன்று நாவல்களிலும் அவன் இல்லை.

"எனக்கும் செஞ்சீங்களா அண்ணாச்சி?"

அவர் திரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியில்தான் அவளைப் பார்த்தார்.

"வாரேன்னுதாம்மா சொன்னான். சுவத்தப் பாத்துச் சொன்னான். நீ எந்திரிச்சதும் படிப்பன்னு தெரியும்லா, நிறுத்தி நிதானமா ரெண்டு தடவ சொன்னான். செத்துட்டான்னு எழுத எனக்குக் கை வரல."

"என்கிட்ட அப்புறமாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீயும் துறையில போய் உக்காந்துருப்ப. தண்ணிய நிப்பாட்டிருவாங்க."

"அவரு திரும்பி வந்தாரா?"

"தெரியாது."

"நான் தூங்குன வருசங்கள்ல? பூட்டின வீட்டு வாசல்ல வந்து நின்னுருந்தா செவி கேட்டுருக்கும்ல?"

"கேட்டுருக்கும். ஆனா நீ இழைய வெட்டச் சொல்லிட்டியேம்மா. வெட்டின இழைய யாரும் திறந்து கேக்குறதில்ல. வருசம் முடிஞ்சதும் மத்ததோட சேந்து அழிஞ்சுரும்."

அழவேண்டிய இடம் இது என்று செல்லக்கனிக்குத் தெரிந்தது. இந்த மாதிரி இடங்களை எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறாள். எந்த வாக்கியத்தில் கண்ணீர் வரவேண்டும் என்பது கைப்பழக்கம். தனக்கு வரவில்லை. இருக்கைக்குத் திரும்பி ஆறிப்போன தேநீரைக் குடித்தாள். லூர்துவின் இழையில் ‘போயிட்டு வாரேன்’ என்பதை அழித்து, ‘போறேன்’ என்று எழுதினாள். கோர்வை பச்சை காட்டியது.

சூசை எழுந்தார். உடம்பு தேறியதும் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கால் இன்னும் தள்ளாடியது. அழுத முகமாக இல்லை.

"இத எழுதுனது நீங்களாம்மா?"

"ஆமா அண்ணாச்சி. உக்காருங்க."

"நல்லா எழுதியிருக்கீங்க. சைக்கிள்ல இருந்து விழுந்தாளே, அந்த எடத்துல சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சுட்டு. அப்படியே எங்க லூர்துதான். ஒரு எடத்துல மட்டும் தப்பு இருக்கு." பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். "இங்க. போறேன்னு இருக்கு."

"அதுல என்ன தப்பு?"

"அவ அப்படிச் சொல்லமாட்டா."

"நீங்க அப்பத் தூங்கிட்டுல்லா இருந்தீங்க. எப்படித் தெரியும்?"

"இதுல தெரியுறதுக்கு என்னம்மா இருக்கு? என்கூடச் சண்ட போட்டுட்டு, இனிமே ஒம்மூஞ்சியில முழிக்கமாட்டேன், போயிட்டு வாரேன்னு அம்மா வீட்டுக்குப் போனவ அவ." அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவளக் கட்டி இருவது வருசமாச்சு. இந்தப் புஸ்தகத்தோட நாலு நாளுதான இருந்தேன். நான் யார நம்ப?"

செல்லக்கனி அறையைச் சுற்றிப் பார்த்தாள். வைகுண்டம் அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். சொன்னால் வேலை போய்விடும்.

"வாரேன்னுதான் சொன்னாங்க" என்றாள்.

"அதான பாத்தேன்" என்றார் சூசை. அவர் ஆச்சரியப்படவும் இல்லை, கோபப்படவும் இல்லை. புத்தகத்தை மேசையில் வைத்தார். "இது ஒங்ககிட்டயே இருக்கட்டும். துறைக்கு எந்தப் பக்கம்மா போவணும்? தூங்கி எந்திரிச்சதுல வழியெல்லாம் மாறிக் கெடக்கு."

வழி சொன்னாள். அவர் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வெளியே போனார்.

ராஜாமணியும் அப்படித்தான். தெருமுக்குக் கடைக்குப் போனாலும் வாரேன் என்று குரல் கொடுக்காமல் படி இறங்கமாட்டான். கல்யாணமான முதல் வாரத்திலிருந்தே அது அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் அந்த வரியைப் படித்தபோதும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் சூசையைப் போலப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, இது தப்பு, என் புருசன் இப்படிச் சொல்லமாட்டான் என்று யாரிடமாவது கேட்க வேண்டும் என்று இந்த ஆறு வருடங்களில் அவளுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.