ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி

"யாரக் கேட்டு இந்தக் கம்பியக் கழட்டுறீங்க?"

தகரக் கூரையில் விழுந்த மழையைவிடச் சத்தமாக இருந்தது கமலவேணியின் குரல். ஜீப்புக்கு அடியிலிருந்து முதலில் செருப்பில்லாத இரண்டு கால்கள், அப்புறம் கிரீஸ் படிந்த சட்டை, கடைசியாக ஒரு முகம்... அந்த முகத்தில் கண்கள் மட்டும்தான் அழுக்காகாமல் இருந்தன.

"உங்க டிரைவரக் கேட்டேன் நர்சம்மா. உங்களையும் கேக்கணும்னு யாரும் சொல்லலியே..."

எண்பத்து நான்காம் வருட ஐப்பசி. தர்ம ஆஸ்பத்திரியின் ஜீப் ஆற்றுப் பள்ளத்தில் சிக்கிச் சிக்கி, கடைசியில் தட்டாஞ்சாவடிக்கு, ஜானகிராமன் முதலாளியின் ஷெட்டுக்கு வந்திருந்தது. மெக்கானிக் அரிகிருஷ்ணன் கழற்றிய கம்பியைத் தரையில் வைத்தான்.

"பள்ளத்துல ஒரு சக்கரம் எறங்கினா இன்னொண்ணு அந்தரத்துல தொங்குதுல்ல? இந்த ஸ்டெபிலைசர் கம்பி ரெண்டையும் சேத்துக் கட்டி வெச்சிருக்கு. பிரிச்சுட்டா அதது தரையப் புடிச்சுக்கும்."

"அப்ப தார் ரோட்டுல?"

"திருப்பத்துல சாயும். மெதுவாப் போவணும். கிருஷ்ணசாமி அண்ணனுக்கு நான் சொல்லத் தேவையில்ல."

பீடி பிடித்துக்கொண்டிருந்த டிரைவர் கிருஷ்ணசாமி தலையை ஆட்டினார்.

"சேத்துக் கட்டினதப் பிரிக்கிறதுல உங்களுக்கு என்னா சந்தோஷமோ..." என்று முணுமுணுத்தாள் அவள்.

"எல்லாத்தையும் பிரிக்க மாட்டேன் நர்சம்மா..."

சிரித்துக்கொண்டே ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து ஸ்டியரிங்கில் கட்டினான். முடிச்சுப் போட்ட கையோடு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் கட்டியிருந்ததும் சிவப்புச் சேலை...

"வண்டிக்கு என்னா, கல்யாணமா?"

"ஆவட்டுமே!"

ச்சீ, என்ன துணிச்சல்! கோபம் வரவேண்டிய இடத்தில் கன்னம் சுட்டது. ஆஸ்பத்திரியில் இறங்கும்போது கிருஷ்ணசாமி முன்னால் போய்விட்டார். யாரும் பார்க்கவில்லை... முடிச்சை அவிழ்த்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அன்று முழுக்கப் பையைத் திறந்து திறந்து பார்த்தாள். பெட்ரோல் வாசனை... அதுகூடப் பிடித்திருந்தது.

மறுநாள் கிருஷ்ணசாமிக்குக் காய்ச்சல். மாற்று டிரைவராகப் பக்கிரி வந்தான். புதுசாகக் கல்யாணமானவன், பாட்டுப் பாடிக்கொண்டே வண்டி ஓட்டுகிறவன். மருந்துப் பெட்டி எடுக்க வில்லியனூர் ரோட்டில் பறந்தான். மூலக்குளம் தாண்டி ஒரு திருப்பம்... ஜீப் சாய்ந்தது, நிமிரவில்லை.

பக்கிரியின் வலது கையை முழங்கைக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

"சேப்புத் துணி இருந்திருந்தா எந்த டிரைவரும் கேப்பானே, இந்த வண்டியில என்னாத்தக் கழட்டியிருக்குன்னு! நீ போட்ட முடிச்சு அவுந்து எங்கியோ விழுந்துடுச்சு. அவன் கேக்கல!" ஷெட் வாசலில் ஜானகிராமன் கத்தினார். தட்டாஞ்சாவடி ஷெட்டுகளில் அதுதான் வழக்கமாம். ஒரு சாமானைக் கழற்றிவிட்டால் ஸ்டியரிங்கில் சிவப்பு.

ஆஸ்பத்திரியிலிருந்து விசாரிக்கப் போனவர்களோடு நின்றிருந்த கமலவேணிக்கு அப்போதுதான் புரிந்தது. கைப்பையை மார்போடு இறுக்கினாள். சொல்லிவிடு... சொல்லிவிடு... எப்படிச் சொல்வது? மெக்கானிக் கட்டிய துணியைப் பைக்குள் பதுக்கிய நர்ஸ் என்று ஊரே சிரிக்காதா? அண்ணன் பார்த்திருக்கும் வரன் என்ன ஆகும்?

அரிகிருஷ்ணன் எதிர்த்துப் பேசவே இல்லை. தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றான். அன்றே வேலையிலிருந்து நீக்கினார்கள். வேறெந்த ஷெட்டும் அவனைச் சேர்க்கவில்லை.

ஒரு மாதம் அவள் வாய் திறக்கவில்லை. அண்ணன் கொண்டுவந்த வரனை மட்டும் வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டபோதுதான் அவளுக்கே தெரிந்தது, ஏன் என்று.

அரிகிருஷ்ணனைத் தேடிப் போனாள். வைத்திக்குப்பம் கடற்கரையில் மீன் கூடை தூக்கிக்கொண்டிருந்தான். மழைத் தூறல். அவளைக் கண்டதும் கூடையை இறக்கினான்.

"துணிய நீங்க நல்லாத்தான் கட்டினீங்க..." கைப்பையிலிருந்து அந்தச் சிவப்புத் துணியை எடுத்து நீட்டினாள். "நாந்தான் அவுத்தேன். எனக்காகக் கட்டினீங்கன்னு நெனச்சேன். எனக்கு... உங்களப் புடிச்சிருந்துச்சு. இப்பவும்..."

அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க அவுத்தீங்களா?" என்றான் மெதுவாக. "அப்ப அது தானா அவுந்து விழலியா...? உங்க மொகத்தப் பாத்துக்கினே முடிச்ச லூசாப் போட்டுட்டேன்னு இல்ல நெனச்சேன்! இந்தக் கைய நம்ப முடியாம ஸ்பேனரையே தொடல. பக்கிரி கால்ல விழுந்து, நாந்தாண்டா உன் கைய எடுத்தேன்னு அழுதேன். அவன் பொண்டாட்டி எம்மேல மண்ண வாரித் தூத்துனா. வாங்கிக்கினேன்..."

"இன்னிக்கே முதலாளிகிட்டச் சொல்றேன்."

"மொதல்ல பக்கிரிகிட்டச் சொல்லுங்க. அவனுக்குத்தான் தெரியணும்."

"சொல்றேன். நீங்களும் வர்றீங்களா?"

அவன் மாட்டேன் என்று தலையசைத்து நிமிர்ந்தான். அந்தக் கண்கள் சிவந்திருந்தன.

"உங்கள நெனைக்காத நாளில்ல, நர்சம்மா. இந்த ஒரு மாசமும் கூடத்தான்."

அவள் முகம் மலர்வதற்குள் அவன் எழுந்து கூடையைத் தலைக்கு ஏற்றினான்.

"ஆனா இன்னொரு தடவ வந்து புடிச்சிருக்குன்னு சொல்லாதீங்க. சொன்னா நான் சரின்னுடுவேன்... அப்புறம் ரெண்டு பேரும் கை கோத்துக்கினு பக்கிரி வீட்டு வழியா எப்படிப் போறது?"