ஆளில்லை என்று மூடிய தொட்டி

புதிய தளத்துக் குடிநீரில் விமான எரிபொருள் வாடை அடித்தது, மேற்பார்வையாளருக்கு மட்டும். மற்றவர்கள் மடக்கு மடக்கென்று குடித்துவிட்டுப் போனார்கள். ஸ்டோர் கிளார்க் டம்ளரை முகர்ந்து பார்த்து, "டாங்க் பக்கத்துலயே முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினா மூக்கு இப்படித்தான் சார் ஆகும்," என்று சிரித்தார்.

மூன்று விமானத் தளங்களை ஒன்றாக இணைத்து மூன்று மாதமாகிறது. பழைய தளத்தின் கடைசி நாளில், நண்பகலுக்குள் நிலத்தடி எரிபொருள் தொட்டிகளைக் கழுவி மூடிக் கையெழுத்திட வேண்டுமென்று மேலிடம் கழுத்தை நெரித்தது. உள்ளே இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைத் தொட்டியின் வாயருகே மாட்டுவான். ஏறி வந்து அவனே அதைக் கழற்றும்வரை மூடியை யாரும் தொடக் கூடாது. பதினோராம் தொட்டியில் ஒரு வில்லை தொங்கியது. எந்தச் சந்திலும் நுழைந்துவிடுவதால் 'எலி' என்று பெயர் வாங்கிய துப்புரவாளனுடையது. மறந்துவிட்டுப் போயிருப்பான் என்று மேற்பார்வையாளரே அதைக் கழற்றினார். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். லாரிகள் உறுமிக்கொண்டிருந்தன. மூடியை முடுக்கச் சொன்னார்.

மாலையில் புதிய தளத்தில் தலை எண்ணியபோது ஒன்று குறைந்தது. எலியைக் காணோம். உண்மையைச் சொன்னால் வேலை போகும், சிறையும் உண்டு. 'பணியை விட்டு ஓடிப்போனான்' என்று எழுதினார்.

இன்று மதியம் எலியின் மனைவி வந்தாள். அழவில்லை. குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லிவிட்டதையும், ஓடுகாலி மகள் என்று பள்ளியில் பிள்ளையைக் கேலி செய்வதையும் நிதானமாகச் சொன்னாள்.

"ஓடிப்போறவரு சட்டையையும் செருப்பையும் விட்டுட்டா சார் ஓடுவாரு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா."

அவள் வாசல்வரை போய்த் திரும்பினாள். "தெரியும். என்கிட்ட சொல்ல வேணாம். அவரு வந்து கேப்பாரு, அவருகிட்ட சொல்லுங்க."

அவள் போன பிறகு, மின்விசிறியின் முனகலுக்கும் தூரத்து இன்ஜின் இரைச்சலுக்கும் அடியில், தரைக்குக் கீழிருந்து, இரும்பை இரும்பால் தட்டும் சத்தம் மூன்று முறை கேட்டது. மேலே வருகிறேன் என்று தொட்டிக்குள்ளிருந்து தட்டும் முறை அது. எழுந்தார். சத்தம் முன்னால் நகர்ந்தது. நடைவழி, படிகள், சிமென்ட் பாதை. வெயில் கண்ணைக் கூச வைத்தது. புதிய தளத்தில் தொட்டிகள் பத்துதான். அவரே பெயின்ட்டால் எண் போட்டிருந்தார். எட்டு. ஒன்பது. பத்து.

அதற்கு அப்பால் இன்னொரு மூடி.

துருப்பிடித்தது. திருகாணிகள் கழன்று புல்லில் கிடந்தன. உள்ளே சுரண்டும் சத்தம், பொறுமையாக. மூடி விரற்கடை அளவு உயர்ந்தது. அந்த வாடை.

"சார், எல்லாரும் போயிட்டாங்களா?"

எலியின் குரல். பணிவாக.

ஆள் கூப்பிடத் திரும்பினார். கிளார்க் இல்லை. அலுவலகம் இல்லை. லாரி இல்லை. முழங்காலளவு புல் மண்டிய ஓடுதளம். பழைய தளம். யாரும் இனி வராத தளம்.

கணுக்காலைப் பற்றிய விரல்களில் நகங்கள் இல்லை. அவசரமும் இல்லை.