அலசாத பாடம்

பதியன் பொறி வந்த பிறகு நீச்சல் கற்க யாரும் தண்ணீரில் இறங்குவதில்லை. வலைத்தொப்பியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தால் போதும். எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியை நீந்தக் கற்றுக்கொண்ட நாளின் நினைவு அப்படியே மாணவரின் மண்டைக்குள் நடப்பட்டுவிடும். தூத்துக்குடியின் பாதித் தெருக்களில் கடல் ஏறிவிட்ட காலம் அது. நீச்சல் சான்று இல்லாதவருக்குப் படகு உரிமம் கிடையாது. ஆகவே பிலோமினாவின் வகுப்பில் நரைத்த தலைகளுக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் பாடத்துக்கு முன் ஆசிரியை தன் நினைவைப் பொறியில் அலசியே தீர வேண்டும். சொந்த பயமும் அழுகையும் போய், கைகால் அசைவு மட்டும் மிஞ்ச வேண்டும். பிலோமினாவுக்கு அது ரொம்பவே அவசியம். அவள் வெள்ளத்தில் தத்தளித்து நீந்தக் கற்ற அதே நாளில்தான் அவள் கணவன் ஜெரோம் செத்துப்போனான். ஒரு படகின் விளிம்பை எட்டிப் பிடித்தான், பாவம். "கைய எடுல!" என்று ஒரு குரல், விரல்களில் துடுப்பால் ஓங்கி ஓர் அடி. கொட்டுகிற மழையில் அடித்தவன் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் அவள் காதிலேயே தங்கிவிட்டது.

இன்று அந்தக் குரல் வகுப்பின் முதல் வரிசையில் உட்கார்ந்து கதை அளந்துகொண்டிருந்தது.

"அந்த வெள்ளத்துல ஃப்ரிட்ஜு, வாசிங் மிசினு, மெத்தை, எல்லாத்தையும் எம் படகுல கரை சேத்துட்டம்லா!" என்றார் புதிதாகச் சேர்ந்த சந்தியாகு. "நடுவுல எவனோ ஒருத்தன் வந்து தொத்துனான். கைய எடுலன்னு துடுப்பால ஒண்ணு வச்சேன், பாத்துக்கிடுங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சங்கடமாய்ச் சிரித்தார்கள்.

பிலோமினா பொறியின் பக்கம் திரும்பிக்கொண்டாள். அட பாவி! ஃப்ரிட்ஜுக்கு இருந்த இடம் என் ஜெரோமுக்கு இல்லாமல் போயிற்றா? இரு, உனக்கு இருக்கிறது. அந்த அடி இவன் நெஞ்சில் விழ வேண்டும். செய்தது என்னவென்று விளங்கி, அவள் காலில் விழுந்து கதற வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

"அண்ணாச்சி, மொதல்ல நீங்க வாங்க" என்றாள் சிரித்த முகமாக. அலசல் பொத்தானை அவள் தொடவே இல்லை.

பொறி முனகியது. சந்தியாகு நாற்காலியில் கிடந்து துடித்தார், காலை உதைத்தார், வாயைப் பிளந்து காற்றுக்குத் தவித்தார். பிலோமினா கண்கொட்டாமல் பார்த்தாள். துடி, நன்றாகத் துடி. எத்தனையோ வருஷமாய்க் காணாத ஒரு குளிர்ச்சி அவள் நெஞ்சில் இறங்கியது.

தொப்பி கழன்றதும் சந்தியாகு அவள் காலில் விழவில்லை. மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்.

"ஐயோ ஜெரோமு! எஞ்சாமி! என்னத் தனியா விட்டுட்டுப் போயிட்டியே!"

எல்லாரும் ஓடிவந்து அவரைத் தாங்கிப் பிடித்தார்கள். ஒருவர் தண்ணீர் கொடுத்தார், இன்னொருவர் முதுகைத் தடவிவிட்டார். பிலோமினாவை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கை நீட்டுன மனுசன அடிச்சானே, அந்தப் படுபாவி வெளங்குவானா?" என்று மண்ணை வாரித் தூற்றினார் சந்தியாகு.

"நடிக்காத! அந்தப் படுபாவி நீதான்டா! இப்பத்தான உன் வாயாலயே சொன்ன!" என்று கத்தினாள் பிலோமினா.

அவர் திருதிருவென்று விழித்தார். நடிப்பில்லை. ஒரே வேளையின் இரண்டு நினைவுகள் ஒரு தலையில் நிற்காது. ஆழமானது, மேலோட்டமானதைத் தின்றுவிடும். துடுப்பை ஓங்கியது அவருக்குச் சொல்லிச் சிரிக்க ஒரு சங்கதி, அவ்வளவுதான். அவளுக்கு அதுதான் வாழ்க்கை. அவளுடையது உள்ளே போனதும் அவருடையது இருந்த சுவடே இல்லாமல் போய்விட்டது.

"நானா? என்ன டீச்சர் சொல்லுதீய? நான் படகுல எங்க இருந்தேன்? தண்ணிக்குள்ளல்லா கெடந்தேன்!"

கண்ணீர் வழிய எழுந்து வந்து அவள் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"அழாதீய டீச்சர். நாம ரெண்டு பேருமாச் சேந்து அவனத் தேடுவோம். அவன மட்டும் விடவே கூடாது."