தொடாத பெட்டி

1994ஆம் ஆண்டு பங்குனியில், புலம்பெயர்ந்த தமிழர் வாழும் அஜின்கோர்ட்டில் பலசரக்குக் கடைக்கு மேலே இருந்த துப்பறியும் அலுவலகத்தின் ஒற்றை அறைக்குள் ஜெயரட்ணம் வந்த வேகத்தில், கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த தடித்த தொலைபேசிப் புத்தகத்தில் கால் தட்டியது. குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றியபடியே கதையைத் தொடங்கிவிட்டான்.

"அன்ரி, கள்ளனெண்டு என்னை வேலையால நிப்பாட்டப் போகினம். வாற மாசம் மனிசியும் பிள்ளையும் கொழும்பில இருந்து வருகினம். வேலை இல்லாட்டி அதுகளை எப்பிடிப் பாக்கிறது?"

துப்பறிவாளர் யூஜினி தலையசைத்தார். அவருக்கு உதவியாளர், சாரதி, தேநீர் போடுகிறவர் எல்லாமே கணவர் அருள்நாயகம்தான். அவர் ஆவலோடு கதிரையை இழுத்துப் போட்டார்.

"எத்தினை பேரில சந்தேகம்?"

"என்னில மட்டும்தான் அங்கிள்."

அருள்நாயகத்துக்குச் சப்பென்று போய்விட்டது.

ஜெயரட்ணம் வேலை செய்தது புத்தகம் கட்டும் பட்டறையில். பசை படக்கூடாதென்று முதலாளி மிஸிஸ் ஹார்லோ மோதிரத்தைக் கழற்றிப் பக்கத்தில் நிலத்தில் இருந்த, புத்தகங்கள் நிறைந்த அட்டைப்பெட்டியின்மேல் வைத்திருக்கிறார். பிறகு அதைக் காணவில்லை.

"நான் குனிஞ்சு பெட்டியைத் தொட்டு, கையைச் சேர்ட் பொக்கற்றுக்குக் கொண்டு போறது வீடியோவில தெரியுதாம்."

"தொட்டனீரோ?" என்றார் யூஜினி.

"சத்தியமா இல்லை அன்ரி."

பட்டறையில் மிஸிஸ் ஹார்லோ வீடியோவைப் போட்டுக் காட்டினார். ஜெயரட்ணத்தின் முதுகுதான் தெரிந்தது. முழங்காலுக்குக் கீழே தள்ளுவண்டி மறைத்தது. நான்கு மடல்களையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி மூடிய பெட்டி. அவன் குனிகிறான், தொடுகிறான், கை மேலே போகிறது.

பெடியன் பச்சைப் பொய் சொல்லியிருக்கிறான். அருள்நாயகத்துக்குக் கவலையாகப் போயிற்று. "யூஜினி, கேஸ் கவிண்டிட்டுது."

"பொறுங்கோ. காலைக் காணேல்லையே."

யூஜினி மேசையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து வாசலுக்கு உள்ளே நிலத்தில் வைத்தார். புத்தகத்தைப் போய் நிலத்தில் வைக்கிறாளே என்று அருள்நாயகம் பதறினார். வெளியே நின்ற ஜெயரட்ணத்தை யூஜினி கூப்பிட்டார். அவன் அவசரமாக நுழைந்தான், கால் தட்டியது, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றினான்.

"வரச் சொன்னனீங்களே அன்ரி?"

"இப்ப எதையாவது தொட்டனீரோ?"

"இல்லையே."

மிஸிஸ் ஹார்லோ வாயைப் பிளந்தார். யூஜினி ஆங்கிலத்தில் விளக்கினார். "புத்தகத்தில் கால் பட்டால் எங்கள் ஆட்கள் இப்படித் தொட்டு மன்னிப்புக் கேட்பார்கள். அது பழக்கம், செய்ததே நினைவிருக்காது. முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் கை பொக்கற்றுக்குப் போவது போலத்தான் இருக்கும். அவர் தொட்டாரென்றால் முதலில் கால் பட்டிருக்கிறது. கால் பட்டால் பெட்டி ஆடியிருக்கும். அந்த மடல்களுக்கு நடுவில் ஓர் ஓட்டை உண்டு."

பெட்டி இன்னும் அதே மூலையில் கிடந்தது. அருள்நாயகம் ஓடிப்போய்ப் பிரித்தார். இரண்டு புத்தகங்களுக்கு இடையில் மோதிரம் பத்திரமாக இருந்தது.

மிஸிஸ் ஹார்லோ மோதிரத்தை வாங்கவில்லை. ஜெயரட்ணத்திடம் நேரே போனார். அவன் கையை விரல் நுனியால் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றப் போனார். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டார், விரல் அதில் போய் முட்டியது. ஜெயரட்ணம் சிரித்துவிட்டான். அருள்நாயகத்துக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது.

"நாளைக்கு வேலைக்கு வருவாய்தானே?" என்றார் மிஸிஸ் ஹார்லோ.

"ஓம்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அவன் யூஜினியிடம் திரும்பினான். "அன்ரி, மனிசிக்கு ஒரு ஃபோன் எடுக்கோணும்."

யூஜினி அதை ஆங்கிலத்தில் சொன்னார். கொழும்புக்கு எடுத்தால் காசு கூட என்று தெரிந்தும், மிஸிஸ் ஹார்லோ தானே தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தார்.