வெள்ளிக்கிழமை இருமல்

"நர்சம்மா, எங்க ஊர்ல புள்ளைங்களுக்கு இருமலே இல்லன்னு எழுதுனது நீதானே?"

தேங்காய்த்திட்டு மீன்காரி தனக்கொடி சுகாதார அலுவலக வாசலில் நின்று இப்படிக் கேட்டதும் கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்கொடியின் இடுப்பில் இரண்டு வயது வேம்பு. மூச்சை இழுக்கும்போதெல்லாம் குழந்தையின் நெஞ்சு குழிந்தது.

புதுச்சேரி, 1958, கார்த்திகைக் கடைசி. மழைக்காலத்தில் எந்த ஊரில் எத்தனை பிள்ளைகளுக்கு இருமல், இளைப்பு என்று வாரந்தோறும் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்து, மருந்து கொடுத்து வருவது நர்ஸ் கமலவேணியின் வேலை. சென்ற ஆண்டு இதே வாரம் தேங்காய்த்திட்டில் இருபத்தைந்து பிள்ளைகள். இந்த ஆண்டு நான்கு வாரமாகச் சைபர். நோயில்லாத ஊருக்கு மருந்துப் பெட்டி எதற்கு என்று பிரெஞ்சு வழக்கப்படி எல்லோரும் 'முசே' என்றழைக்கும் அதிகாரி இராமதாஸ், திங்கள் முதல் அதை அரியாங்குப்பத்துக்கு மாற்ற உத்தரவு தயார் செய்துவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. அந்தச் செய்தி ஊருக்கும் எட்டிவிட்டது.

"வெள்ளிக்கிழமை தவறாம உன் வாசல்ல நின்னேனே! புள்ளையக் காட்டுன்னா, விளையாடப் போயிருக்குன்னது யாரு? கொட்டற மழையில என்ன விளையாட்டு?"

தனக்கொடி குழந்தையின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"மொதல்ல புள்ளைய டாக்டர்கிட்ட காட்டும்மா" என்றார் மூலை மேசையிலிருந்த கணக்குப் பிரிவு குமாஸ்தா தெய்வசிகாமணி. அவள் உள்ளே போனதும் கமலவேணி பக்கம் திரும்பினார். "அந்த ஊர்ல மருந்து மீந்துதா?"

"எங்க சார் மீந்துது? புள்ளைங்களுக்கு ஒண்ணுமில்ல, எனக்குத்தான் இருமுதுன்னு ஆளாளுக்குப் புட்டிய நீட்டறாங்க. கேட்டவ ஒருத்தியும் இருமல!"

"அப்படியா. தனியாத்தான் போனீங்களா?"

"ஐப்பசிக் கடைசியிலேருந்து இவர்கூட ஒரே வண்டியில." பக்கத்து பெஞ்சில் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அம்மைத் தடுப்பு குத்தும் அரிகிருஷ்ணனைக் காட்டினாள்.

"வீட்ல இருந்த புள்ளைங்களுக்குக் குத்திட்டேன் சார். ஒண்ணுக்குக்கூட மூக்கு ஒழுகல" என்றார் அவர்.

"அப்படியா" என்றார் மறுபடியும் தெய்வசிகாமணி. அவருடைய அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டால் கமலவேணிக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். குழந்தை அங்கே மூச்சுக்குத் திணறுகிறது. இவரோ அரியாங்குப்பம் ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரை எச்சில் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார்.

பிற்பகல் அதிகாரியின் அறையில் எல்லோரும் கூடினார்கள். வேம்புக்கு இளைப்பு கொஞ்சம் தணிந்திருந்தது.

"அரியாங்குப்பத்துல திங்கள் ஆறு, செவ்வாய் ஏழு, புதன் அஞ்சு, வியாழன் ஆறு" என்று வாசித்தார் தெய்வசிகாமணி. "வெள்ளி மட்டும் இருபத்தொன்பது. நாலு வாரமும் இதே கதை. இருமலுக்குக் கிழமை தெரியுமா, முசே?"

"வளர்த்தாம விஷயத்துக்கு வாருமய்யா" என்றார் இராமதாஸ்.

"நர்ஸ் போற அதே நாள்ல தேங்காய்த்திட்டுல சைபர், ஆத்துக்கு அக்கரையில அரியாங்குப்பத்துல கூட்டம். ஊர்ல மிஞ்சறது திடமான புள்ளைங்க மட்டும். இல்லாத இருமலுக்கு மருந்து தீருது. நர்ஸுக்குப் பயந்தா மருந்து கேப்பாங்களா? ஐப்பசிக் கடைசியில புதுசா வந்தது அரிகிருஷ்ணன் பெட்டிதான். ஏம்மா, தோணியிலதானே கூட்டிப் போறீங்க?"

தனக்கொடி உடைந்து அழுதாள். "காய்ச்ச அடிக்கிற ஒடம்புல அம்மை குத்துனா ஆத்தா கோவிச்சுக்குவா ஐயா. வண்டி வர்றதுக்கு மின்னாடியே விடியல்ல தோணி ஏத்திடுவோம். அங்க ரெண்டு நாளைக்குத்தான் மருந்து. மிச்ச நாளைக்கு நர்சம்மா புட்டி. ஆத்து வாடையில போயிப் போயித்தான் எம்புள்ளைக்கு இப்பிடி ஆயிப்போச்சு."

அரிகிருஷ்ணன் எழுந்தேவிட்டார். "காய்ச்சல் புள்ளைக்குக் குத்தக்கூடாதுன்னு எங்களுக்கே உத்தரவும்மா!"

"அத வாயத் தொறந்து சொல்றதுதானே?" என்று சீறினாள் கமலவேணி.

"யாரு கேட்டா?"

"நீங்களும் ஏன்னு கேக்கலியே" என்று தெய்வசிகாமணி மெதுவாக அவளிடம் சொன்னார். "புள்ளையப் பாக்கலன்னா பாக்கலன்னு எழுதணும். இல்லன்னு எழுதிட்டீங்க."

கமலவேணிக்கு முகம் சுருங்கிவிட்டது. காலையிலிருந்து எல்லோர் மேலும் எரிந்து விழுந்தவளுக்கு இப்போது தன்மேலேயே வந்தது எரிச்சல். அந்தச் சைபர்கள் அவள் கையால் போட்டவை. இராமதாஸ் உத்தரவைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அடுத்த புதன்கிழமை அவள் தனியாகப் போனாள். காய்ச்சல் பிள்ளைக்கு ஊசி கிடையாது என்று தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு போனாள். ஒவ்வொரு வாசலிலும் இருமல் கேட்டது. தனக்கொடி வீட்டில் வேம்பு அவள் பென்சிலைப் பிடுங்க வந்தது. கமலவேணி அதை அப்படியே வாரி அணைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் கணக்கை மேசைமேல் வைத்தாள். இருபத்தேழு. தெய்வசிகாமணி சென்ற ஆண்டுக் கணக்கோடு ஒத்துப்பார்த்துத் தலையாட்டினார்.

"இப்பத்தான் சரியா இருக்கு."

"இருபத்தேழு புள்ளைங்க இருமுது, இவருக்குச் சரியா இருக்காம்!" என்று முணுமுணுத்துக்கொண்டே, அத்தனை பேருக்கும் புட்டிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள் கமலவேணி.